வாசகர் கேள்வி: ‘கரண்ட்’ வைக்க எதற்கு ஐந்து வாரம்?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, மதுரையில் ‘கரண்ட்’ (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கிறார்கள். வாரத்துக்கு 5 நாள் வீதம் 25 முறை. சில நிமிட வேலைக்காக ஊரை விட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடக் கூடாதா?
– வாசகி, பாம்பன்

பதில்: அலைச்சலும் செலவும் எவ்வளவு என்பது புரிகிறது. ஆனால் அறையில் அம்மா ஓய்வெடுக்கும் நேரமும் சிகிச்சையின் பகுதியே.

கரண்ட் என்று சொன்னாலும் உடலில் பாய்வது மின்சாரம் அன்று, எக்ஸ் கதிர். அது செல்லுக்குள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. செல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அடி பெரும்பாலும் நீர் மூலக்கூறின் மீதுதான் விழுகிறது. அது சிதைந்து உண்டாகும் ஹைட்ராக்சில் என்னும் துண்டு, கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காது என்றாலும், அருகிலுள்ள டி.என்.ஏ.வைத் தாக்கிவிடுகிறது.

டி.என்.ஏ. முறுக்கிய இரு புரிக் கயிறு போன்றது. நங்கூரக் கயிற்றை விரலால் தடவிப் பார்ப்பவர்கள், ஒரு புரி நைந்திருப்பதையும் கயிறே அறுந்துபோவதையும் ஒன்றாகக் கருதமாட்டார்கள். 1 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவு கதிர் பட்டால் ஒரு செல்லில் சுமார் 1000 இடங்களில் ஒற்றைப் புரியும், சுமார் 40 இடங்களில் இரு புரியும் அறுகின்றன. ஒற்றைப் புரி அறுந்தால், எதிர்ப்புரியைப் பார்த்து விடுபட்ட எழுத்துகளை (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை) நொதிகள் நிரப்ப, லைகேஸ் என்னும் நொதி முனைகளை ஒட்டிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இது முடிந்துவிடும். இரு புரியும் அறுந்தால்தான் சிக்கல். பிளவுபடத் தயாராகியிருக்கும் செல்லில் டி.என்.ஏ.வுக்கு இன்னொரு நகல் இருப்பதால், அதைப் பார்த்து ஏறக்குறையப் பிழையின்றிச் சரிசெய்ய முடியும்; மற்றச் செல்கள் அறுந்த முனைகளை அப்படியே இணைத்துக்கொள்ள, அதில் சில எழுத்துகள் போய்விடலாம். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

அன்றாடம் சுமார் 2 கிரே கொடுத்து நிறுத்துவது இந்த அவகாசத்துக்காகவே. மறுநாளுக்குள் நலமான செல்கள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. புற்றுநோய்ச் செல்களிலோ பழுதுபார்க்கும் ஏற்பாடு பல நேரங்களில் குறைபட்டிருக்கும். பழுதோடு பிளவுபடப் போய் அவை மடிகின்றன. முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் தோலும் அடியிலிருக்கும் நுரையீரலும் மீள முடியாமல் கெட்டுவிடும்.

இப்போது பலருக்கு, நாளொன்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து 15 முறையில் முடிக்கிறார்கள். அம்மாவுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் சொல்லிய நாள்களைத் தவறவிடாதீர்கள். இடைவெளி நீண்டால் மிஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் பெருகும். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்வருவதானாலும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் வாரங்களில் மதுரையிலேயே தங்கிவிடுங்கள்.