இலத்தீனை வெளியேற்றியவர் அவரா?

கேள்வி: இலத்தீன் பூசையின் கம்பீரத்தைச் சிதைத்துக் கத்தோலிக்கத் திருச்சபையைக் குழப்பத்தில் தள்ளியவர் பாப்பரசர் 23ஆம் யோவான். ஒரு குடியானவர் மகன். சிரித்த முகத்தைத் தவிர வேறு தகுதி இல்லாதவர். கர்தினால்களுக்குள் இழுபறி ஏற்பட்டதால் இடைக்கால ஏற்பாடாக உட்கார வைக்கப்பட்டவர். அவருக்கு ஒரே ஒரு புதுமையை (அற்புதத்தை) வைத்துப் புனிதர் பட்டம் கொடுத்தது எந்த ஊர் நியாயம்? என் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாத்தாவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

'குடியானவர் மகன்' என்பதைக் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வட இத்தாலியில் பெர்கமோ நகருக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்ற சிற்றூரில் 1881 நவம்பர் 25 அன்று பிறந்தவர் ஆஞ்சலோ ஜுசேப்பே ரொன்கால்லி. வீட்டில் பிள்ளைகள் 13 பேர். நிலம் சொந்தமில்லை, வாரத்துக்குப் பயிர் செய்து விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் மூடி மறைத்ததில்லை. பாப்பரசரான இரண்டு மாதத்திற்குள், 1958 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரோமின் ரெஜினா செலி சிறைக்குப் போனார். 'உங்களால் என்னிடம் வர முடியாது, அதனால் நான் வந்தேன்' என்று கைதிகளிடம் சொன்னவர், தம் உறவினர் ஒருவரும் திருட்டு வேட்டையாடிப் பிடிபட்டவர்தான் என்பதையும் சேர்த்தே சொன்னார். உடன் போனவர்களின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வத்திக்கானில் பரம்பரைப் பெருமை பேசும் குடும்பங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

'சிரித்த முகத்தைத் தவிர' என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த முகத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. அவரைத் தேர்ந்தெடுத்த கர்தினால்களும் ஏமாந்தார்கள். 1906இல் இளம் குருவாக, பெர்கமோ ஆயரின் செயலாளராக, மிலானுக்குப் போன ரொன்கால்லி அங்கே பேராயர் இல்லத்து ஆவணக் காப்பகத்தில் 39 தொகுதிகளைக் கண்டார். 1575இல் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ பெர்கமோ மறைமாவட்டத்தில் கோயில் கோயிலாகப் போய் ஆய்வு செய்த பதிவேடுகள் அவை. எந்தப் பங்கில் சாமியார் ஒழுங்காக இருக்கிறார், எங்கே கூரை ஒழுகுகிறது, எங்கே மறைக்கல்வி நடக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தன. ரொன்கால்லி அதைப் பதிப்பிக்க உட்கார்ந்தார். ஐந்து தொகுதிகளாக அச்சேறி முடிவதற்குள் அரை நூற்றாண்டு ஓடி, அவர் வெனிஸ் நகரின் பேராயராகிவிட்டார். இடையில் பல்கேரியா, துருக்கி, கிரேக்கம், பிரான்ஸ் என்று தூதர் வேலை. இரண்டு உலகப் போர்கள். புத்தக வேலையை அவர் விடவில்லை.

பொரோமியோ யார்? 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய பேரவையான திரெந்துப் பொதுச்சங்கம் தாளில் எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். ஒரு பொதுச்சங்கம் ஊர்க்கோயில் வரைக்கும் இறங்கி வரும்போது என்னென்ன ஆகிறது என்பதை ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் பிரதிகளில் படித்துக்கொண்டிருந்த மனிதர்தான் ரொன்கால்லி. தம் முடிசூட்டு நாளாக நவம்பர் 4ஐத் தேர்ந்தெடுத்தார். அது பொரோமியோவின் திருநாள். அப்படிப்பட்டவர் 1959 ஜனவரி 25 அன்று புனித பவுல் பெருங்கோயிலில் 17 கர்தினால்களைக் கூட்டி, பொதுச்சங்கம் ஒன்றைக் கூட்டப்போகிறேன் என்று அறிவித்தபோது, கிழவருக்குத் திடீரென்று ஏதோ தோன்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த 17 பேரும் கை தட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. பக்தி நிறைந்த மௌனம் என்று அவரே பிற்பாடு அதைக் குறிப்பிட்டார். அந்த வர்ணனையில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது.

இடைக்கால ஏற்பாடு என்பது சரி. 11ஆவது வாக்கெடுப்பில் தேர்வானபோது அவருக்கு 77 நிறைய ஒரு மாதம்கூட இல்லை. தேர்வான நாளுக்கும் சங்கத்தை அறிவித்த நாளுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. உட்கார வைத்தவர்களின் கணக்கு தப்பிப்போனது அவர் குற்றமா?

இனி இலத்தீன். உங்கள் குற்றப்பத்திரிகையின் மையமே இதுதான் என்பதால் தேதிகளைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். 1962 பிப்ரவரி 22 அன்று 23ஆம் யோவான் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். குருமடங்களில் முக்கியப் பாடங்களை இலத்தீனிலேயே கற்பிக்க வேண்டும், தெரியாத பேராசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லது இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற போக்கில் எழுதப்பட்ட ஆணை அது. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அவர் தொடங்கி வைத்து ஆற்றிய உரையும் இலத்தீன்தான். எங்கும் கேடு, எதிலும் அழிவு என்றே கண்டு புலம்பும் தீர்க்கதரிசிகளோடு நான் உடன்படவில்லை என்று அவர் சொன்னது அந்த உரையில்தான். (உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வரி நினைவுக்கு வந்தது, மன்னியுங்கள்.) 1963 ஜூன் 3 அன்று வயிற்றுப் புற்றுநோயால் அவர் இறந்தார். தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்த வழிபாட்டு ஆவணம் சங்கத்தில் நிறைவேறியது 1963 டிசம்பர் 4 அன்று, அடுத்த பாப்பரசர் 6ஆம் பவுலின் காலத்தில். ஆதரவு 2147, எதிர்ப்பு 4. ஆறு மாதத்துக்கு முன் கல்லறைக்குப் போனவரைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். ஏற்றுவதென்றால் 2147 ஆயர்களையும் ஏற்றுங்கள். கூண்டு கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்றை மறைக்கவும் எனக்கு மனமில்லை. தாய்மொழியில் செபிப்பது அவருக்குப் பிடிக்காத காரியம் அல்ல. 1935இலிருந்து இஸ்தான்புல்லில் பாப்பரசரின் பிரதிநிதியாக இருந்தார். அங்கிருந்த கத்தோலிக்கர்களில் பலர் ஐரோப்பிய வம்சாவளியினர். துருக்கி மொழி சந்தைக்கு உரியது, கோயிலுக்கு அல்ல என்று நினைத்தவர்கள். ரொன்கால்லி நற்கருணை ஆசீருக்குப் பிந்தைய புகழ்ச்சி மன்றாட்டைத் துருக்கி மொழியில் சொல்ல வைத்தார். 'தான்ரி முபாரெக் ஓல்சுன்', கடவுள் வாழ்த்தப்பெறுவாராக. அதைக் கேட்டதும் பலர் அதிருப்தியோடு எழுந்து வெளியேறினார்கள் என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். குருக்கள் பொது இடத்தில் அங்கி அணியக் கூடாது என்று அந்நாட்டு அரசு சட்டம் போட்டபோதும் அவர் கூச்சல் போடவில்லை. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு வழி கிடைக்க அவர் எழுதிய கடிதங்களும் தட்டிய கதவுகளும் இந்த இஸ்தான்புல் ஆண்டுகளைச் சேர்ந்தவைதான். பின்னால், 1959இல், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழித்துச் சொன்ன அடைமொழியை எடுத்தெறிந்தவரும் அவரே.

ஆக, இலத்தீனுக்கு ஆணை போட்ட கையும் துருக்கி மொழியைக் கோயிலுக்குள் கூட்டி வந்த கையும் ஒரே கைதான். அவரைப் புரட்சிக்காரராக வரைபவர்களுக்கு இது சங்கடம். உங்களைப் போல வில்லனாக வரைபவர்களுக்கும் சங்கடம். பிரான்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்த குருக்களுக்கு 1959இல் தடை விதித்ததும் இவர் ஆட்சிதான். 1960இல் ரோம் மறைமாவட்டத்துக்காக அவர் கூட்டிய சிறிய சங்கம், சாமியார்கள் எங்கே போகலாம், என்ன உடுத்தலாம் என்று சட்டம் வகுத்ததோடு மறக்கப்பட்டது. அதை அவரைப் போற்றுபவர்கள் பேசுவதில்லை. நானும் பேசாமல் விடலாம். ஆனால் அப்படிச் செய்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

குழப்பத்தில் தள்ளினார் என்கிறீர்கள். அவர் காலத்தில் உலகம் எந்தக் குழப்பத்தில் இருந்தது என்பது மறந்துவிட்டதா? சங்கம் தொடங்கிய அதே அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கடலை மறித்து நிற்கின்றன. அக்டோபர் 25 அன்று வத்திக்கான் வானொலியில் அவர் பிரெஞ்சு மொழியில் பேசினார்: அமைதிக்காக மனித குலம் எழுப்பும் ஓலத்தைக் கேளுங்கள் என்று ஆட்சியாளர்களை மன்றாடினார். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. அதனால்தான் இரு தரப்பும் காது கொடுக்க முடிந்தது. நெருக்கடியைத் தீர்த்தவர் அவரே என்று சொல்லமாட்டேன்; அது மிகை. ஆனால் அடுத்த பிப்ரவரியில், 18 ஆண்டுகள் சோவியத் சிறைகளிலும் முகாம்களிலும் கிடந்த உக்ரைன் பேராயர் ஜோசப் ஸ்லிப்பி விடுதலையாகி ரோமுக்கு வந்தார். கம்யூனிஸ்டுகளோடு பேச்சு வைத்துக்கொள்கிறார் என்று அவரைத் திட்டிய இத்தாலியப் பத்திரிகைகள், அந்தப் பேராயர் வந்து இறங்கியதையும் செய்தியாகப் போட வேண்டியிருந்தது.

1963 ஏப்ரல் 11 அன்று வெளிவந்த 'அவனியில் அமைதி' என்ற அவருடைய சுற்றுமடலை (பாப்பரசர் திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதத்தை) நீங்கள் படித்திருந்தால் இந்தக் கேள்வியையே வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். அதற்கு முன் சுற்றுமடல்கள் வழக்கமாக ஆயர்களுக்கும் விசுவாசிகளுக்கும் எழுதப்பட்டன. இது 'நல்மனம் கொண்ட எல்லா மனிதருக்கும்' என்று முகவரி இட்டு வந்தது. வாழ்வுரிமை, உணவு, உடை, மருத்துவம், மனச்சாட்சிப்படி வழிபடும் உரிமை, புலம்பெயரும் உரிமை என்று மனித உரிமைகளை வரிசையாகச் சொல்கிறது. தொழிலாளர்கள் தலையெடுப்பதும், பெண்கள் பொதுவாழ்வுக்கு வருவதும், அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை அடைவதும் இக்காலத்தின் அடையாளங்கள் என்கிறது. அணுகுண்டுக் காலத்தில் போரை நீதிக்கான கருவியாக நினைப்பது அறிவுக்கு ஒவ்வாது என்கிறது. எழுதியவர் தம் உடம்பில் நோய் முற்றுவதை அறிந்திருந்தார். இரண்டு மாதத்திற்குள் போய்விட்டார்.

புதுமைக் கணக்கில் நீங்கள் சொல்வது சட்டப்படி சரி. 2000இல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது நேப்பிள்ஸில் ஒரு கன்னியாஸ்திரி குணமானது கணக்கில் எடுக்கப்பட்டது. இரண்டாவது புதுமை வேண்டியதில்லை என்று பாப்பரசர் பிரான்சிஸ் விலக்கு அளித்தார். 2014 ஏப்ரல் 27 அன்று 2ஆம் ஜான் பாலோடு சேர்த்துப் புனிதர் பட்டம். ஒரே நாளில், ஒரே மேடையில் இருவர் என்பது மாற்றத்தை விரும்புவோர், மரபைப் பிடித்திருப்போர் ஆகிய இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு என்று அப்போதே பேசினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதற்கு 23ஆம் யோவான் என்ன செய்வார்?

இப்போது தாத்தா. அவர் காலத்துப் பூசையில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் மெல்லிய குரலில் சொல்ல, பின்னால் சனங்கள் தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இலத்தீன் பூசையை இன்றும் விடாமல் நடத்துபவர்கள் கையில் வைத்திருப்பது எந்தப் பூசைப் புத்தகம் தெரியுமா? 1962ஆம் ஆண்டுப் பதிப்பு. 23ஆம் யோவான் ஆட்சியில் வெளிவந்தது. 2007இல் 16ஆம் பெனடிக்ட் தாராளமாக அனுமதித்ததும், 2021இல் பிரான்சிஸ் கடிவாளம் போட்டதும் அந்தப் பதிப்புக்குத்தான்.

அதில் இன்னொரு சேதியும் உண்டு. 1962 நவம்பரில் சங்கத்தில் பேச எழுந்தார் யுகோஸ்லாவியாவின் மோஸ்தார் ஆயர் பீட்டர் சூலே. கம்யூனிஸ்ட் சிறையில் ஆண்டுக்கணக்கில் வாடி உடல் தளர்ந்தவர். பூசையின் நடு மன்றாட்டில் (அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும்போது குரு சொல்வது) இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று தடுமாறித் தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொன்னார். அவையில் முணுமுணுப்பு, தலைமை வகித்தவர் பேச்சை முடிக்கச் சொல்லிவிட்டார். தம் அறையில் தொலைக்காட்சி வழியே அவை நடவடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த 23ஆம் யோவானுக்கு அந்த ஆயர் பட்ட பாடு தெரியும். சில நாட்களில், சங்கத்தின் வாக்கெடுப்புக்குக் காத்திராமல், சூசையப்பர் பெயரைச் சேர்க்க ஆணையிட்டார். பல நூற்றாண்டுகளாக ஒரு சொல் மாறாத மன்றாட்டு அது என்று அதிர்ந்தவர்கள் உண்டு. சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தமிழில் காவியமே பாடிய வீரமாமுனிவர் இருந்திருந்தால் துள்ளியிருப்பார்.

தாத்தாவின் பழைய பூசைப் புத்தகம் வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடு மன்றாட்டில் மரியாள் பெயருக்கு அடுத்து, அப்போஸ்தலர்களுக்கு முன்னால், சூசையப்பர் பெயர் இருக்கிறதா? இருந்தால் அங்கே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் நீங்கள் சொல்லும் அந்தச் சிரித்த முகக்காரர்தான்.