பதில்: மாத்திரையை நிறுத்திய ஜிம்பாப்வே தோழி

லண்டனில் உங்களோடு வேலை பார்க்கும் ஜிம்பாப்வே தோழி, சபைப் போதகர் குணமாகிவிட்டது என்று சொன்னதால் எச்ஐவி மாத்திரையை நிறுத்திவிட்டார், விசா முடிந்துவிட்டதால் கிளினிக் போகவும் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரம், தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் விசா பயம். இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் எச்ஐவி சிகிச்சை எல்லோருக்கும் இலவசம், விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும். பில்லே கிடையாது என்பதால் கடன் பாக்கி என்று, விசாவைக் கவனிக்கும் உள்துறைக்குத் தகவல் போகவும் வழியில்லை. இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் ரத்தத்தில் மறுபடி பெருகும். வீட்டில் மிச்சமிருப்பதைத் தானாகத் தொடங்காமல், பழைய கிளினிக்குக்கே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், அங்கே யாரும் திட்டமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், சபையில் தெரிந்தவர் வந்துவிடாமல் இருக்க, தொலைபேசி வழியே கேட்கலாம்.

ஜெபத்தைக் குறை சொல்லாதீர்கள், அதை விடச் சொன்னால் உங்களையே விட்டுவிடுவார். ஜெபமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்று பேசுங்கள். லண்டனில் ஆப்ரிக்கா அட்வகசி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, இதே நிலையைக் கடந்து வந்த ஆப்பிரிக்கப் பெண்களிடம் அங்கே பேச வழி கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், அவர் அனுமதி இல்லாமல் வேலையிடத்தில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.