நடந்தும் குறையாத தொப்பை

கேள்வி: எனக்கு வயது 39. பிரானூர் பார்டரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்று 40 அங்குலம். ஐந்து மாதமாகத் தினமும் காலையில் நண்பர்களோடு குண்டாறு பக்கம் 45 நிமிடம் நடக்கிறேன். நன்றாக வியர்க்கட்டும் என்று மழைக்கோட்டும் போட்டுக்கொள்கிறேன். குறைந்தது ஒரே ஒரு கிலோ. ஜிம்முக்குப் போகும் நண்பர், "உடற்பயிற்சி செய்தால் எதையும் சாப்பிடலாம்" என்கிறார். புனலூரில் இருக்கும் மச்சான், "நடப்பதெல்லாம் வீண், சோற்றை நிறுத்து" என்கிறார். மனைவி தினமும் கொள்ளு ரசம் வைத்துத் தருகிறார். நடை முடிந்ததும் ஒரு டீ, ஒரு பழம்பொரி. வாரத்தில் மூன்று நாள் மில் முடிந்து இரவு புரோட்டா. மற்றபடி வீட்டுச் சாப்பாடுதான். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. தொப்பை கரைந்து உடம்பு கட்டாக வர எது முக்கியம், சாப்பாடா, பயிற்சியா?
– பெயர் வெளியிட வேண்டாம், செங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி எடையைப் பற்றியது அல்ல. 40 அங்குல இடுப்பு, அப்பாவுக்குச் சர்க்கரை என்ற இரண்டும்தான். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ.க்குள், அதாவது ஏறக்குறைய 35 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 100 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வழி திறந்து விடுகிறது. ஆகவே நீங்கள் அழகுக்காகக் கேட்டிருந்தாலும் நான் உங்கள் ஆரோக்கியத்துக்காகவே பதில் சொல்கிறேன்.

கேட்டதற்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. குறைந்த உடம்பு தளர்ந்து தொங்காமல் கட்டாக இருப்பதும், போன எடை திரும்பி வராமல் இருப்பதும் பயிற்சியின் வேலை. முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் கவனத்தில் முக்கால் பங்கு தட்டின் மேல் இருக்கட்டும். நண்பர் சொல்வதும் மச்சான் சொல்வதும் பாதிப் பாதிதான் சரி.

உங்கள் ஐந்து மாதக் கணக்கையே பார்ப்போம். கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. 84 கிலோ உடம்போடு 45 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தால், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, மிஞ்சுவது சுமார் 160 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியானால் ஒரு கிலோ குறைய 48 நாள் நடக்க வேண்டும். ஐந்து மாதத்தில் மூன்று கிலோ போயிருக்க வேண்டும், போனது ஒன்று. மீதி இரண்டு எங்கே என்றால், அந்த டீக்கடை பெஞ்சில்தான். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் டீ 80 கலோரிக்குக் குறையாது. நேந்திரம்பழத்தை மைதா மாவில் முக்கி எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு 150 முதல் 250 வரை வரும். நடந்து செலவழித்ததற்கு மேலேயே உள்ளே போய்விடுகிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு கிலோ குறைந்திருக்கிறது என்றால், நீங்கள் ஒரு நாள் கூட விடாமல் நடந்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். அந்த ஒழுங்கு பலருக்கு வாய்க்காது, அதை விட்டுவிடாதீர்கள்.

நடையை இரண்டு மணி நேரமாக்கினால் சரியாகிவிடாதா என்று தோன்றலாம். ஓரளவுக்கு மேல் உடம்பு அதற்கு ஒத்துழைப்பதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியை அளந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாள் முழுக்க நடக்கும் அவர்களுக்கும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களுக்கும், உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலாக உழைத்தால் உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது. போதாததற்கு, பசியும் கூடுகிறது.

மழைக்கோட்டை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். கரைகிற கொழுப்பு பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் வெளியேறுகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வெயில் ஏறிய பிறகு பிளாஸ்டிக் கோட்டோடு நடப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இனி சாப்பாடு. உங்கள் வயது, உயரம், வேலையை வைத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 2,300 கலோரி சுமாராகச் செலவாகும். 1,800 பக்கம் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறையும். அந்த 500-ஐ எங்கே குறைப்பது என்பதுதான் கேள்வி. மச்சான் சோற்றைக் காட்டுகிறார். நான் முதலில் கை வைக்கச் சொல்வது வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, அந்தக் காலைப் பழம்பொரி. டீ இருக்கட்டும், சர்க்கரையை அரைக் கரண்டியாக்குங்கள். பழம் வேண்டுமென்றால் அவித்த நேந்திரம்பழம் பாதி சாப்பிடலாம்.

அடுத்தது பார்டர் புரோட்டா. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்ததால், அன்றைக்கு எல்லையாக இருந்த பிரானூருக்கு வந்த பெயர் அது. கேரள எல்லை புளியரைக்கு அப்பால் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் ஊர் பார்டராகவே இருக்கிறது, புரோட்டாவின் பேரும் அப்படியே இருக்கிறது. வேலை முடிந்து பசியோடு போய் உட்கார்ந்தால் நான்கு புரோட்டா சர்வசாதாரணம். அளவையும் எண்ணெயையும் பொறுத்து ஒன்று 200-க்கும் 300-க்கும் நடுவில். நான்குக்கு 800-க்குக் குறையாது. அதன் மேல் எண்ணெய் மிதக்கும் சால்னா, ஒரு வறுத்த கோழி. ஒரே வேளையில் 1,300 ஆகிவிடும். வாரம் மூன்று முறை என்பதை ஒரு முறை ஆக்குங்கள். அந்த ஒரு முறையும் மில்லிலேயே ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதலில் கோழியை வாங்கிச் சாப்பிடுங்கள், புரோட்டா இரண்டோடு எழுந்துவிடுங்கள். கடைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டாளிகளோடு உட்காரும் அந்த நேரத்தையும் சேர்த்து வெட்டினால் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

மூன்றாவது யார் கண்ணிலும் படாதது, வீட்டு எண்ணெயும் தேங்காயும். 'வீட்டுச் சாப்பாடுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லையோரச் சமையலில் அவியல், தீயல், துவையல், புட்டு என்று எல்லாவற்றிலும் தேங்காய் உண்டு. 100 கிராம் தேங்காய்ப் பூவில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. எண்ணெய் ஒரு மேஜைக் கரண்டிக்கு 120. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ, இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. தினமும் கரண்டியால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் போதும். ஒரு லிட்டரை எட்டுகிற வீடுகள் நிறைய. தேங்காயில் ஒரு பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுபாதியில் சமைக்கச் சொல்லுங்கள். குழம்பின் ருசி கெடாது.

சோற்றுக்கு வருவோம். மட்டை அரிசியோ வெள்ளை அரிசியோ, வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி வரும். அது விஷமில்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ பயறோ முட்டையோ, கால் பங்கு சோறு என்று வைத்துக்கொண்டால் சோறு தானாகக் குறைந்துவிடும். இதில் முக்கியம் புரதம். உங்களுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். பசியைத் தாங்க வைப்பது அதுதான், தசை கரையாமல் காப்பதும் அதுதான். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. காலையில் புட்டுக்குச் சர்க்கரையும் பழமும் வேண்டாம். கடலைக்கறி வைத்து, கூட இரண்டு முட்டை சாப்பிடுங்கள். மதியம் கொல்லத்திலிருந்து வரும் சாளையோ அயிலையோ குழம்பாக. 100 கிராம் மீனில் 20 கிராம் பக்கம் புரதம் கிடைக்கும். அதையே பொரித்தால் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் மனைவி வைத்துத் தரும் கொள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் ஊர்ச் சொல். கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். தண்ணீரை இறுத்து ரசமாகக் குடிக்கும்போது அதில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. சுண்டலாகவோ துவையலாகவோ செய்யச் சொல்லுங்கள். அவர் உங்கள் மேல் வைத்திருக்கும் அக்கறைக்கு அதுதான் முழுப் பலன் தரும்.

பயிற்சியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். நடை அப்படியே இருக்கட்டும், அதோடு வாரத்தில் மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையை இறக்கினால், போவதில் ஏறக்குறைய கால் பங்கு தசையாக இருக்கும். அப்போது தராசு இறங்கினாலும் கை கால் மெலிந்து தொப்பை மட்டும் மிச்சமாக நிற்கும். பலர் 'டயட் இருந்து முகம் வாடிவிட்டது' என்று புலம்புவது இதனால்தான். தண்டாலும் பஸ்கியும் போதும். முதல் மாதம் தண்டாலைச் சுவரில் கை ஊன்றி எடுங்கள், அடுத்து மேஜையில், அப்புறம் தரையில். பஸ்கிக்கு ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு, உட்காரும் வரை இறங்கி எழுந்திருங்கள், முழங்கால் தாங்கும். மணல் நிரப்பிய வாளியை இடுப்பு உயரத்துக்கு இழுத்துத் தூக்கினால் முதுகுக்கும் வேலை கிடைத்துவிடும். 15 முறை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கடினமாக்குங்கள். 20 நிமிடத்தில் முடியும். வயிற்றுக்கென்று தனியாகப் படுத்து எழும் பயிற்சி செய்து தொப்பையைக் கரைக்க முடியாது. அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகப் போகாது.

நடை வீண் என்று மச்சான் மறுபடி சொன்னால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியவர்கள் அதில் இருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் சாப்பாட்டை மாற்றியவர்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள், அதிலும் அதிகம் பேர் செய்வது நடைதான்.

தராசைத் தினமும் பார்த்து மனம் நோகாதீர்கள். புரோட்டா சாப்பிட்ட மறுநாள் உப்பும் தண்ணீரும் தேங்கி எடை ஏறித்தான் காட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். நான்கைந்து கிலோ குறைந்தாலே ரத்தத்தில் சர்க்கரையும் கொதிப்பும் இறங்கத் தொடங்கும்.

இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். தென்காசி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து லேபிலோ வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c), கொழுப்பு அளவு, தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பையும் அளந்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரி 5.7 சதவீதத்தை எட்டினால் சர்க்கரை வாசல் வரை வந்துவிட்டது என்று பொருள், 6.5-ஐத் தொட்டால் உள்ளேயே வந்துவிட்டது. அப்படி இருந்து மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், சாப்பாட்டைக் குறைக்கப்போவதை அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சில மாத்திரைகளோடு சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். நடக்கும்போது மார்பில் அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சு வாங்கலோ இருந்தால் தண்டால், பஸ்கி எதையும் தொடாமல் முதலில் இருதய மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்ததும் இடுப்பளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.