கேள்வி–பதில்: மிருதங்கமும் கிட்டாரும்

கேள்வி: மிருதங்கம் பயிலும் என் மகனும், செவ்வியல் கிட்டார் பயிலும் அவன் நண்பனும் ஒத்திகையின்றிக் கற்பனையாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். கிட்டார் காதில் விழுவதே இல்லை, இருவரும் ஒன்றாக வந்து நிறுத்த வேண்டிய முடிப்பும் சேர்வதில்லை. இந்தக் கூட்டணி சரிப்படுமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தாராளமாகச் சரிப்படும். 1970களில் ‘சக்தி’ இசைக்குழுவில் ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரோடு ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்து ஒலித்தன. ஆனால் அது எஃகுத் தந்திக் கிட்டார். மெக்லாஃப்லினே, செவ்வியல் கிட்டாரில் உள்ளதுபோன்ற நைலான் தந்திக் கிட்டாரில் திரிலோக் குர்ட்டுவின் தாள வாத்தியங்களோடு 1989இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்த கச்சேரியின் பதிவைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டும். (அங்கே ஒலிபெருக்கி இருந்தது, உங்கள் கூடத்தில் இருக்காது என்பது வேறு விஷயம்.)

மிருதங்கத்தை இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது மேற்கத்திய ‘டி’ சுரத்தில், சேர்த்துக்கொண்டு, கிட்டாரின் ஆறாம் தந்தியை ‘ஈ’யிலிருந்து ‘டி’க்கு இறக்கினால், கனத்த மூன்று தந்திகளும் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று நின்று தம்புராவின் வேலையையும் பார்த்துவிடும். ஆனால் அந்தத் தந்திகள் ஒலிக்கும் இடத்திலேயே மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்னும் அடிநாதமும் வந்து விழுவதால்தான் கிட்டார் அமுங்கிப்போகிறது. நண்பன் அடித்தந்திகளை மீட்டும்போது உங்கள் மகன் இடக்கையை ஓய்வாக வைத்துக்கொண்டு, வலப்பக்கமான வலந்தலையில் விரல் நுனியால் மட்டும் வாசிப்பது நல்லது. அடக்கி வாசிக்க வேண்டியவர் எப்போதும் மிருதங்கக்காரர்தான். நைலான் தந்தியை எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் நாதம் கெடுமே தவிர, ஒலி அவ்வளவாகப் பெருகாது.

முடிப்பு சேராததற்குக் காரணம் கணக்குதான். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, எட்டு எண்ணிக்கை; எண்ணிக்கைக்கு நான்காக 32 மாத்திரை. ஐந்து மாத்திரை கொண்ட ‘ததிங்கிணதொம்’ என்ற சொற்கட்டை மூன்று முறை சொன்னால் 15. ஆகவே முதல் திருதத்தின் தட்டு (ஐந்தாவது எண்ணிக்கை) விழுந்து ஒரு மாத்திரை விட்டு, பதினெட்டாவது மாத்திரையில் எடுத்தால், அடுத்த சுற்று தொடங்கும் இடமான சமத்தில் சரியாக வந்து இறங்கலாம். கிட்டார் வாசிக்கும் பிள்ளை தந்தியைத் தொடுமுன் இதைக் கையில் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழக வேண்டும். பிறகு, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வாசிப்பதுபோல, ஆளுக்கு நான்கு ஆவர்த்தனம், இரண்டு, ஒன்று, அரை என்று மாறி மாறிக் குறைத்து வாசிக்கலாம். கிட்டாரில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, முழுமையாக வராது. அதைத் துரத்தாமல், மிருதங்கம் சொன்ன சொல்லின் நடையையே பிடித்து நண்பன் பதில் சொல்லட்டும்.