பொலிட்டோகுளோசா சப்பால்மாட்டா என்ற சாலமாண்டர் கோஸ்டா ரிக்காவில் எங்கே வாழ்கிறது? பழைய கட்டுரைகளும் புதிய பட்டியல்களும் ஏன் ஒத்துப்போவதில்லை?

1968-இல் வந்த கட்டுரை ஒன்று, இந்தச் சாலமாண்டர் செர்ரோ டெ லா முயெர்ட்டே மலையில் ஏராளமாக இருப்பதாகச் சொல்கிறது. இன்றைய பட்டியல்களில் இதன் வாழிடமாக அந்த மலையே இல்லை. அங்கே அழிந்துபோய்விட்டதா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அங்கே இருப்பது வேறு இனம் என்று பிறகு தெரியவந்தது, அவ்வளவுதான்.

1896-இல் பூலாஞ்சே என்ற விலங்கியலாளர் இதை ஸ்பெலெர்பஸ் சப்பால்மாட்டஸ் என்று விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் லா பால்மா. பார்வா, இராசு எரிமலைகளுக்கு நடுவே, மத்திய மலைத்தொடரில் உள்ள கணவாய் அது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முழு வழக்கும் இதில்தான் தீர்கிறது. இனம் பின்னாளில் பொலிட்டோகுளோசா பேரினத்துக்கு மாற்றப்பட்டதால்தான் பூலாஞ்சே பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. அச்சுப்பிழை என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள்.

1952-இல் எட்வர்ட் டெய்லர், தலமாங்கா மலைத்தொடரின் செர்ரோ டெ லா முயெர்ட்டேயிலிருந்து பெஸ்ருப்ரா என்ற இனத்தை விவரித்தார். லத்தீனில் 'சிவந்த பாதம்' என்று பொருள். ஆனால் அங்குள்ள எல்லாவற்றுக்கும் கால் சிவப்பாக இருப்பதில்லை; ஒரே மரக்கட்டைக்கு அடியில் கறுப்பு, பழுப்பு, புள்ளிபோட்டது எல்லாம் கிடைக்கும். இந்த நிறக்கலப்பைப் பார்த்த ஜேம்ஸ் வையல் 1966-இல் பெஸ்ருப்ராவை சப்பால்மாட்டாவோடு இணைத்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அதே மலையில் செய்த சூழலியல் ஆய்வை சப்பால்மாட்டா என்ற பெயரிலேயே வெளியிட்டார்.

2000-இல் கார்சியா-பாரிஸ், டேவிட் வேக் உள்ளிட்டோர் சைட்டோகுரோம் பி மரபணுவையும் அல்லோசைம் புரதங்களையும் ஒப்பிட்டபோது இரண்டும் தனி இனங்கள் என்பது உறுதியானது. முதல் மாதிரி கிடைத்த லா பால்மா மத்திய மலைத்தொடரில் இருப்பதால் பழைய பெயர் வடக்குக் கூட்டத்துக்கே போனது. தெற்கே இருப்பதற்கு பெஸ்ருப்ரா என்ற பெயர் உயிர்பெற்றது.

ஆகவே சப்பால்மாட்டா வாழ்வது குவானகாஸ்தே, திலரான், மத்திய மலைத்தொடர் ஆகிய மூன்றில் மட்டும். உயரம் ஏறத்தாழ 1245 முதல் 2900 மீட்டர் வரை. மோன்டெவெர்டே மேகக்காடு திலரானில் இருக்கிறது. இந்த மலைகளுக்கும் தலமாங்காவுக்கும் இடையே மத்தியப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. நுரையீரலே இல்லாமல் ஈரத்தோலாலும் வாயின் உட்புறத்தாலும் சுவாசிக்கும் பிராணிக்கு அந்தச் சூடான பள்ளத்தாக்கு கடல் மாதிரி. முட்டையும் தரையில்தான், நீரில் நீந்தும் குஞ்சுப்பருவம் கிடையாது, அதனால் ஓடை வழியாகப் பரவவும் வழியில்லை.

பழைய பதிவுகளைத் திருத்தும்போது பெயரைப் பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள். 2000-க்கு முந்தைய 'சப்பால்மாட்டா' செர்ரோ டெ லா முயெர்ட்டேயில் பிடிபட்டிருந்தால் பெஸ்ருப்ரா என்று கொள்ளலாம். தலமாங்காவின் வடமேற்கு முனை என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2008-இல் அந்தப் பக்கத்திலிருந்து பொலிட்டோகுளோசா டிகா என்ற இன்னொரு இனமும் பிரிக்கப்பட்டது. 'கோஸ்டா ரிக்கா' என்று மட்டும் குறித்திருந்தால் அந்தப் பதிவை வரைபடத்தில் ஏற்றவே வேண்டாம்.

மாதிரியை அளப்பதிலும் தவறு நடக்கும். வால் அடிப்பகுதியில் குறுகியிருக்கும். இழுத்தால் அங்கே கழன்றுவிடும். ஆகவே மொத்த நீளம் உதவாது. மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை அளக்க வேண்டும், துளையின் முன் ஓரமா பின் ஓரமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். கால் நீளத்துக்கு, முன்காலைப் பின்னோக்கியும் பின்காலை முன்னோக்கியும் உடலோடு அழுத்தி, விரல் நுனிகளுக்கு நடுவே எத்தனை விலாமடிப்பு (உடலின் பக்கவாட்டுத் தோல்மடிப்பு) மிஞ்சுகிறது என்று எண்ணுவார்கள். ஃபார்மலினில் விறைத்த கால் நேராக மடங்காது, அதனால் கால் குட்டையானது போலத் தோன்றும். மேல்தாடைப் பற்களை எண்ணுவதானால் ஒரே அளவுள்ள விலங்குகளையே ஒப்பிடுங்கள், வளர வளரப் பல் கூடும்.

இன்னொன்று: தமிழில் இதைப் 'பல்லி' என்று மொழிபெயர்க்காதீர்கள். செதிலும் இல்லை, நகமும் இல்லை. இது தவளையைப் போல ஒரு நீர்நில வாழ்வி.

வையல் சொன்ன ஹெக்டேருக்கு 9000 வரை என்ற அடர்த்தி, பெண் முதிர்ச்சியடைய 12 ஆண்டு என்ற கணக்கு எல்லாம் பெஸ்ருப்ராவைப் பற்றியவை. சப்பால்மாட்டா பற்றிய கட்டுரையில் அவற்றை எடுத்துப் போடும் வழக்கம் இன்னும் தொடர்கிறது.