உப்பாத புட்டிங்

கேள்வி: இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் ரோஸ்ட் செய்த இறைச்சியோடு வைக்கும் யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பா? வீட்டில் செய்தால் தட்டையாகவே வருகிறதே, ஏன்?

பதில்: பெயர்தான் புட்டிங், இனிப்பு துளியும் கிடையாது. கிண்ணம் போலக் குழிந்த மொறுமொறு பண்டம். குழியில் கிரேவியை ஊற்றிச் சாப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் இறைச்சிக்கு முன்பே இதைப் பரிமாறிவிடுவார்கள். வயிறு பாதி நிறைந்தால் கறி குறைவாகச் செலவாகுமே!

4 முட்டை, 140 கிராம் மைதா, 200 மி.லி. பால், உப்பு. கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் வையுங்கள். 12 குழி மஃபின் தட்டில் குழிக்கு ஒரு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெயோ மாட்டுக் கொழுப்போ விட்டு, 230 டிகிரி அவனில் லேசாகப் புகையும்வரை காயவிடுங்கள். வெண்ணெய் வேண்டாம், கருகிவிடும்.

தப்பு பெரும்பாலும் இங்கேதான். மாவில் பேக்கிங் பவுடர் இல்லை. உப்ப வைப்பது நீராவி மட்டுமே. காய்ந்த எண்ணெயில் மாவை ஊற்றியதும் ‘சுர்’ரென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எண்ணெய் காயவில்லை, புட்டிங் எழாது. 20 முதல் 25 நிமிடம் வேகட்டும். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. ஓரம் இறுகும் முன் சூடு இறங்கினால் பொசுக்கென்று அமுங்கிவிடும். எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.