காஸ்டிக் கண்ணில் தெறித்தால்: தண்ணீர் முதலில், வண்டி அப்புறம்

கேள்வி: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கேனிலிருந்து காஸ்டிக் (காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரம்) ஊற்றும்போது ஒரு தொழிலாளியின் கண்ணில் தெறித்துவிட்டது. உடனே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "ஏன் கழுவாமல் கூட்டிவந்தீர்கள்?" என்று டாக்டர் கோபப்பட்டார். எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்? அசிட்டிக் ஆசிட் கலந்த தண்ணீர் விட்டால் காஸ்டிக் முறிந்துவிடும் என்கிறார்களே, சரியா?

பதில்: டாக்டரின் கோபம் நியாயமானது. ஆசிட் பட்டால் திசுவின் புரதம் உறைந்துபோய், அது மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காஸ்டிக் அப்படியில்லை. கொழுப்பைச் சோப்பாக்கி, திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கருவிழியைத் துளைத்துப் போக அதற்குச் சில நிமிடங்கள் போதும். வண்டி ட்ராஃபிக்கில் நிற்கும் நேரத்தில் பார்வையே போய்விடலாம்.

அதனால் விபத்து நடந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே கழுவத் தொடங்குங்கள். சலைன் தேட வேண்டாம், சுத்தமான குழாய்த் தண்ணீர் போதும். தோலுக்குக் குறைந்தது 20 நிமிடம், கண்ணுக்கு 30 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே அரை மணி நேரம்போலத் தெரியும். எரிச்சலில் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். ஆகவே கையுறை போட்ட ஒருவர் இமைகளை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணில் விழக்கூடாது. கழுவும்போதே 108-க்குச் சொல்லிவிடுங்கள். நனைந்த சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கூச்சம் பார்க்கும் நேரமில்லை, காஸ்டிக் ஊறிய துணி தோலை விடாமல் அரிக்கும்.

அசிட்டிக் வேண்டவே வேண்டாம். பட்டறையில் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் இந்த யோசனை வருகிறது. காஸ்டிக்கும் அமிலமும் சேரும்போது சூடு கிளம்பும். வெந்த இடம் மறுபடி வேகும். எலுமிச்சை, பால், எண்ணெய் எதுவும் கூடாது.

பட்டறைகளில் இருக்கும் ஒரு நல்ல பொருளை இந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை: அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஹெச் பேப்பர். கழுவி முடித்துச் சில நிமிடம் கழித்து, கீழ் இமையின் உட்புறத்தில் லேசாக ஒற்றிப் பாருங்கள். 7-க்கும் 7.5-க்கும் இடையே வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் மறுபடி கழுவுங்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் போகும் வழியிலும் பாட்டில் தண்ணீரால் தொடரலாம். வலி குறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

காஸ்டிக் ஃப்ளேக்ஸோ (செதில்கள்), சாயவேலையில் பயன்படும் ஹைட்ரோஸ் தூளோ தோலில் கொட்டினால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விடுங்கள். கொஞ்சமாக நனைத்தால் சூடாகும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றுவதாக நினைத்து யாரும் உள்ளே குதிக்கக்கூடாது. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்களும் சேர்ந்து இறந்திருக்கிறார்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள், காற்றுச் சிலிண்டர் மாட்டியவர்கள் மட்டும் இறங்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேன் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ன ரசாயனம், எவ்வளவு அடர்த்தி, எத்தனை நிமிடம் கழுவினீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதி, இ.எஸ்.ஐ.க்கும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தகவல் கொடுத்துவிடுங்கள். காஸ்டிக் பட்ட கண்ணில் புரையும் கண் அழுத்தமும் மாதங்கள் கழித்தும் வரலாம், அப்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட வேண்டிய தொழிலாளிக்கு, வேலைக்கு வந்த முதல் நாளே அடிபட்டாலும் ஊன உதவித்தொகை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிகளிடம் இதை அவர்கள் மொழியிலேயே சொல்லிவையுங்கள்.